பல்கலைக்கழக ஆய்வுத் திட்டத்தில் வேலை: நேர்காணலுக்குப் போகும் முன் என்னென்ன பார்க்கணும்?

நெய்தல்_கரை:
எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முடித்தாச்சு, நெட் (தேசியத் தகுதித் தேர்வு) இன்னும் எழுதலை. ஆற்று நீர் மாசு பற்றிய ஒரு திட்டத்துக்கு "ஜே.ஆர்.எஃப். அல்லது ப்ராஜெக்ட் அசோசியேட்" என்று பல்கலைக்கழக அறிவிப்பு வந்திருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நேர்காணலில் என்ன கேட்பார்கள்? சேர்ந்தால் அப்படியே பிஎச்.டி. பண்ணிவிடலாமா?

தாவரவியல்:
ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) என்றால் பெரும்பாலும் நெட் அல்லது கேட் (GATE) தேர்வில் தேர்ச்சி கேட்பார்கள். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. இரண்டு ஆண்டு கழித்து மதிப்பீட்டில் தேறினால் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை), 42,000. நெட் இல்லாமல் ப்ராஜெக்ட் அசோசியேட்டாகச் சேர்ந்தால் குறைவாகத்தான் வரும். அறிவிப்பில் "தொகுப்பூதியம்" (எல்லாம் சேர்த்து ஒரே தொகை) என்று போட்டிருந்தால் வாடகைப் படியை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் பாடம் யு.ஜி.சி. நெட்டில் தனியாகவே இருக்கிறது. கேட்டிலும் 2021 முதல் சுற்றுச்சூழல் தனித் தாள். உயிரியல் அடித்தளம் பலமாக இருந்தால் சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் லைஃப் சயின்சஸும் எழுதலாம். அதில் சி பகுதியில் 75 கேள்வி, 25-க்கு மட்டும் பதில், ஒன்றுக்கு 4 மதிப்பெண், தப்பானால் 1 போய்விடும். பலருக்கும் தேர்வு கைநழுவுவது இந்தப் பகுதியில் ஊகித்து எழுதுவதால்தான்.

விங்க்ளர்_பாட்டில்:
நீர்த் திட்டம் என்றால் கரைந்த ஆக்சிஜன் கேள்வி கட்டாயம் வரும். வரையறையை ஒப்பிப்பதைவிட, கை எப்படி வேலை செய்யும் என்று சொல்லுங்கள். 300 மி.லி. பாட்டிலில் குமிழி இல்லாமல், வழிந்தோட விட்டு நிரப்பணும். குமிழி நின்றால் அதிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அளவு கூடிவிடும். மாங்கனஸ் சல்ஃபேட், பிறகு காரம் கலந்த அயோடைடு-அசைடு. மூடியைப் போட்டுத் தலைகீழாகப் புரட்டினால் பழுப்பு வீழ்படிவு வரணும். வெள்ளையாகவே நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. படிந்ததும் அமிலம் விட்டுக் கரைத்து, 200 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்ஃபேட்டால் தரம்பார்த்தால் (டைட்ரேஷன்), செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். நிறம் வெளிர் வைக்கோலான பிறகே ஸ்டார்ச் விடணும். முன்னாடியே விட்டால் அயோடின் ஸ்டார்ச்சோடு ஒட்டிக்கொண்டு, நீலம் மறையும் இடம் துல்லியமாகப் பிடிபடாது.

பி.ஓ.டி. (தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) கேட்டால், மாதிரியை 5 நாள், 20 டிகிரியில் வைக்கணும் என்று நிறுத்திவிடாதீர்கள். இங்கே நாம் பின்பற்றும் இந்திய முறை 3 நாள், 27 டிகிரி. நம் வெப்பநிலைக்குப் பொருத்தமானது அதுதான்.

மருதநிலா:
பிஎச்.டி. தானாக வராது. பதிவு தனி, நுழைவுத் தேர்வும் கட்டணமும் தனி. வழிகாட்டியிடம் காலியிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். யு.ஜி.சி. 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 தான்.

எல்லாவற்றையும் விட முக்கியம், திட்டத்தில் இன்னும் எத்தனை மாதம் மீதி என்பது. "மூன்று ஆண்டுத் திட்டம்" என்று அறிவிப்பில் இருக்கும், ஆனால் முந்தைய ஆள் விட்டுப்போன இடமாகவும் இருக்கலாம். அப்படியானால் உங்களுக்குக் கிடைப்பது எட்டு மாதமாகக்கூட இருக்கும். நிதி தவணையாக வரும். பயன்பாட்டுச் சான்றிதழ் (வந்த நிதியைச் செலவழித்ததற்கான கணக்கு) தாமதமானால் அடுத்த தவணையும் நிற்கும், சம்பளமும் நிற்கும். மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டு சேருங்கள்.

நெய்தல்_கரை:
மீதி மாதங்களை எப்படி நாகரிகமாகக் கேட்பது?

மருதநிலா:
"திட்டத்துக்கு அனுமதி கிடைத்த தேதி, முடியும் தேதி தெரிந்தால் களப்பணியைத் திட்டமிட வசதியாக இருக்கும்" என்று நேர்காணல் முடிவில் கேளுங்கள். நல்ல ஆய்வாளர் உடனே சொல்லிவிடுவார்.