கவனம் பிசகினால் அது குருடா? கலைச்சொல் தேவை, அவசரம்

ஹட்டனிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். ஆசிரியப் பயிலுநர்களுக்கான உளவியல் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கண்ணில் பழுதில்லை. எதிரே உள்ளது விழித்திரையில் விழவும் செய்கிறது. ஆனால் கவனம் முழுக்க வேறொன்றில் இருப்பதால் அது தெரிவதே இல்லை. 1999இல் சைமன்ஸ், சப்ரிஸ் இருவரும் செய்த பரிசோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். பந்து எத்தனை தடவை கைமாறுகிறது என்று எண்ணச் சொல்லி ஒரு காணொளியைக் காட்டினார்கள். நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் வந்து, மார்பில் அடித்துக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவரைக் காணவே இல்லை.

ஆங்கிலத்தில் இதற்கு 'inattentional blindness' என்று குருட்டைச் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் 'கவனக்குருடு' என்று எழுதிவிட்டேன். மனம் ஒப்பவில்லை. வகுப்பில் விழிப்புலனற்ற மாணவி ஒருவர் இருக்கிறார். அவர் இருக்கும்போது இதைக் கரும்பலகையில் எழுதி எப்படி விளக்குவது?

கண்டியிலிருந்து:

தம்பி, தயங்க வேண்டாம். கண்ணைச் சொல்லி அறிவைக் குறிப்பது நம் மரபு. 'கண்ணுடையர் என்பவர் கற்றோர் முகத்திரண்டு புண்ணுடையர் கல்லா தவர்' என்று வள்ளுவரே சொன்ன பிறகு யாரிடம் அனுமதி கேட்பது? திருமூலர் 'குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குருடும் குருடும் குழிவிழு மாறே' என்றார். அங்கே குருடு என்பது கண்நோயா?

எனக்குச் சிக்கல் 'கவனம்' என்ற சொல்லில்தான். அது தமிழா என்பதில் ஐயம் உண்டு. 'நோக்கு' என்றால் ஐயமே இல்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் நோக்கை ஓர் உறுப்பாகவே வைத்திருக்கிறார், 'மாத்திரை முதலா அடிநிலை காறும் நோக்குதற் காரணம் நோக்கெனப் படுமே' என்று. ஆகவே 'நோக்கின்மைக் குருடு'. குருடும் பிடிக்காதென்றால் 'சிதடு' இருக்கிறது. புறநானூறு 28இல், எண்வகை எச்சங்களில், அதாவது பிறவிக் குறைகளில், முதலாவதாக 'சிறப்பில் சிதடும்' என்று வருகிறது. சிதடன் என்றால் குருடன், அறிவிலி என்று இரு பொருளும் உண்டு. 'நோக்குச் சிதடு' என்றால் இரண்டையும் ஒருசேரக் குறிக்கலாம்.

தலவாக்கலையிலிருந்து:

ஐயா, அந்த இரண்டும் ஒரே சொல்லில் கிடப்பதுதான் எங்களுக்குத் தொல்லை. தோட்டத்துக் கண் முகாமில் நடந்ததைச் சொல்கிறேன்.

கொழுந்து எடுக்கிற அம்மா ஒருவர் வந்தார். "எந்நேரமும் பனி எறங்கின மாதிரியே இருக்கு மிஸ், வெயிலடிச்சாலும் கலையுதில்ல" என்றார். டோர்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு கண்மணியும் வெள்ளை பூத்திருக்கின்றன. முற்றிய புரை. மூன்று மீற்றரில் விரலை எண்ண முடியவில்லை. நல்ல கண்ணிலும் பார்வை 3/60க்குக் கீழே போனால், அதாவது மற்றவர் அறுபது மீற்றரில் காண்பதை மூன்று மீற்றரிலும் காண முடியாவிட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி அது பார்வையின்மை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் விரல் நுனியால் தடவித் தடவி ரெண்டு இலை ஒரு மொட்டு கிள்ளியிருக்கிறார். கூடையில் முத்தல் இலை கிடந்தால் நிறுக்கிற இடத்தில் "கண்ணு குருடா?" என்று ஏச்சு. உண்மையாகவே கண் தெரியாதவரிடம் அதையே ஏச்சாகக் கேட்டிருக்கிறார்கள். அவரும் "வயசாச்சு, கவனம் பத்தல" என்றே இருந்துவிட்டார். புரையை எடுத்துவிட்டு வில்லை வைத்தால் சரியாகிற காரியம் இது.

அப்புறம் ஒன்று. மாலைக்கண், வெள்ளெழுத்து, கண்புரை, கண்ணில் பூ விழுதல் என்று சனங்கள் தாங்களாக வைத்த நோய்ப் பெயர் எதிலும் குருடு இல்லை. படித்தவர்கள் ஆக்கியவற்றில்தான் இருக்கிறது. நிறக்குருடு என்கிறோம், சிவப்பும் பச்சையும் பிரித்தறியச் சிரமப்படுகிற பிள்ளையை. அந்தப் பிள்ளைக்கு மற்றதெல்லாம் நன்றாகவே தெரியும்.

பதுளையிலிருந்து:

நான் பார்வையற்றவன். பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். இந்த மடல்களைக் கணினி வாசிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஹட்டன் சேர், உங்கள் மாணவிக்குக் கரும்பலகை பொருட்டே இல்லை. உங்கள் வாயிலிருந்து என்ன சொல் வருகிறது என்றுதான் அவர் கேட்பார். குருடு என்ற சொல்லையே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருமூலரைத் திருத்தவும் சொல்லவில்லை. ஆனால் 'கவனக்குருடு' உண்மைக்கு நேர்மாறு. நாங்கள் காணாதது கவனம் பிசகியதால் இல்லை. பஸ் எந்தப் பக்கம் திரும்புகிறது, படி எங்கே முடிகிறது, மழைக்குப் பிறகு மண் எங்கே வழுக்கும் என்று கவனத்தை வைத்துத்தான் நடமாடுகிறோம்.

கண்டி ஐயா மேற்கோள் காட்டிய இடங்களிலெல்லாம் குருடு பழிச்சொல். சுந்தரரையும் பாருங்கள். திருவொற்றியூரில் பார்வை போய், காஞ்சியில் ஒரு கண் கிடைத்து, திருவாரூர் வந்து நின்று பாடுகிறார்: 'குற்றம் ஒன்றும் செய்தது இல்லை கொத்தை ஆக்கினீர் எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்'. கொத்தை என்றால் குருடு. அங்கே கண் என்றால் கண்தான். அஞ்ஞானமும் இல்லை, ஆணவமும் இல்லை. பார்வை போன மனிதன் பார்வையைத் திருப்பிக் கேட்கிறான். பழியையும் எதிராளி மேல் போடுகிறான். அந்தகக்கவி வீரராகவ முதலியார் யாழ்ப்பாணம் வந்து பரராசசேகரன் அவையில் பாடிப் பரிசு பெற்றார் என்கிறார்கள். இரட்டைப்புலவரில் ஒருவருக்குக் கண் இல்லை. ஒருவர் பாதி வெண்பாவைத் தொடங்க மற்றவர் முடிப்பாராம். இவர்களையும் சேர்த்தல்லவா மரபு என்று சொல்ல வேண்டும்?

கண்டியிலிருந்து:

பதுளைத் தம்பிக்கு நன்றி. 'கொத்தை'! எப்படி மறந்தேன். கொத்தை, சொத்தை இரண்டும் உறவுடையவை என்றே எனக்குப் படுகிறது. ககர சகர மாற்றத்துக்கு 'சேரம்', 'கேரளம்' உண்டே. கன்னடத்திலும் குருடு அப்படியே இருக்கிறது, தெலுங்கில் 'குட்டி' (guḍḍi) என்று ஒலிப்பு மாறிக் கிடக்கிறது. கொத்தைக்கும் இப்படி உறவு தேடிப் பார்க்க வேண்டும். 'நோக்குக் கொத்தை' என்றால் யாரையும் புண்படுத்தாது.

பண்டாரவளையிலிருந்து:

ஐயா, புண்படுத்தாதுதான். யாருக்கும் புரியவும் புரியாது. பயிலுநர்கள் நாளைக்கே தோட்டப் பாடசாலைகளுக்குப் போகிறவர்கள்.

'நோக்கின்மை', 'கவனமின்மை' இரண்டும் பொருளிலேயே பிழை. பந்தை எண்ணியவருக்குக் கவனம் இல்லாமலில்லை. இருந்த கவனமெல்லாம் பந்தில் இருந்தது. 'கவனச்சிதறல்' இதற்கு எதிர்ப்பதம். 'பாராமுகம்' நல்ல சொல், ஆனால் அதில் வேண்டுமென்றே முகம் திருப்புவது இருக்கிறது. இங்கே அந்த எண்ணமே கிடையாது.

திருமூலரிடமே வேறொரு பாட்டு இருக்கிறதே: 'மரத்தை மறைத்தது மாமத யானை, மரத்தில் மறைந்தது மாமத யானை'. மரத்தில் செதுக்கிய யானையை யானையாகவே பார்க்கிறவனுக்கு மரம் தெரியவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றைப் பார்ப்பதே இன்னொன்றை மறைக்கிறது. கொரில்லாவுக்கு நடந்ததும் அதுதான். 'கவனமறைப்பு' என்று வைத்தால் என்ன?

தலவாக்கலையிலிருந்து:

கவனமறைப்புக்கு என் ஓட்டு. லயத்துப் பிள்ளைக்கும் சொல்லிப் புரியவைக்கலாம்.

கண்டியிலிருந்து:

உடன்பட முடியவில்லை. சைவ சித்தாந்தத்தில் மறைத்தல் இறைவனின் ஐந்தொழில்களில் ஒன்று. படித்த பிள்ளை திரோதானம் என்று எண்ணிக்கொள்ளும். தவிர, 'கவனமறைப்பு' என்றால் கவனம் மறைக்கிறதா, கவனத்தை மறைக்கிறார்களா? எழுவாயா, செயப்படுபொருளா என்பது தெளிவாகவில்லை.

பதுளையிலிருந்து:

அந்த ஐயம் நியாயம். 'கண்மறைப்பு' என்பதைக் கண்ணை மறைப்பது என்றுதான் எடுப்போம். 'கவனத்தால் மறைதல்' என்று நீட்டினால் மயக்கம் தீரும், ஆனால் கலைச்சொல்லாக நிற்காது. முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிட்டு, பிறகு கவனமறைப்பு என்றே எழுதலாம்.

ஹட்டனிலிருந்து:

நன்றி. கவனமறைப்பு என்றே கொடுக்கிறேன், முதல் இடத்தில் 'கவனம் ஓரிடத்தில் ஊன்றியிருக்க, கண்ணெதிரே உள்ளது தெரியாமற்போதல்' என்ற விளக்கத்தோடு. யானைப் பாட்டையும் பெட்டிச் செய்தியாகச் சேர்த்தாயிற்று. கண்டி ஐயாவின் மறுப்பை அடுத்த பதிப்புக்கான குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறாம் பாடத்தில் 'நிறக்குருடு' வருகிறது. தலவாக்கலை மிஸ் சொன்ன பிறகு அதை அப்படியே விட மனமில்லை. 'நிறமயக்கம்' சரிவருமா?

கண்டியிலிருந்து:

மயக்கம் என்றால் தொல்காப்பியத்தில் மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் எல்லாம் இருக்கின்றன. அவசரப்பட வேண்டாம். இரவு விரிவாக எழுதுகிறேன்.