பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டிகளில் இடைநிலை ஆட்டக்காரர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறையார்:
பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சி வட்டாரத்து ஜோடிப் போட்டிகளில் எல்லோரையும் ஒரே பிரிவில் அமர்த்துகிறார்கள். நன்றாக ஆடத் தெரிந்தும் தேசிய அளவை எட்டாத எங்களைப் போன்றவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்கக் கான்ட்ராக்ட் பிரிட்ஜ் லீக்கின் போட்டிகளில் 750 மாஸ்டர் பாயின்டுக்குக் (போட்டிகளில் சேர்க்கும் தரப்புள்ளி) கீழ் உள்ளவர்களுக்காகக் 'கோல்டு ரஷ்' என்ற பிரிவே இருக்கிறது.

கொல்லங்கோட்டார்:
ஐயா, இதை நான் ஏற்கவில்லை. டூப்ளிகேட் முறையில் ஒரே சீட்டுப் பகிர்வு மேசைக்கு மேசை செல்வதால், நமக்குக் கிடைத்த அதே பதின்மூன்று சீட்டுகளை வைத்துத் தேர்ந்த ஆட்டக்காரர் என்ன செய்தார் என்பதை மதிப்பெண் தாளில் கண்ணால் பார்க்க முடிகிறது. வல்னரபிளாக (பரிசும் தண்டமும் கூடுதலாக உள்ள நிலையில்) மூன்று நோ டிரம்ப் கான்ட்ராக்ட், அதாவது துருப்பு இல்லாமல் ஒன்பது பிடிகள் எடுப்பதாக ஏலத்தில் ஏற்றது, ஆடுகிறோம், ஒன்பது பிடிகள் கையில் உள்ளன என்று கொள்ளுங்கள். பத்தாவது பிடிக்கு ஒரு ஃபினெஸ் (பெரிய சீட்டு எந்த எதிராளியிடம் என்று ஊகித்து ஆடுவது) எடுக்க வேண்டும். அது தவறினால் கான்ட்ராக்டே முறியும். ஒன்பதோடு நிறுத்தினால் 600 புள்ளி, பத்து எடுத்தால் 630. மற்ற மேசைகளோடு ஒப்பிட்டே மதிப்பெண் தரும் ஜோடிப் போட்டியில் அவை 630 எடுத்திருந்தால் அந்தப் பகிர்வில் நமக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. எப்போது துணிய வேண்டும் என்ற இந்தக் கணக்கை, நம் தரத்தவர் மட்டுமே கூடும் அறையில் யார் நமக்குக் கற்றுத் தருவார்கள்?

வாளையார்வாசி:
பிரிவைப் பற்றிப் பேசுவதற்கு முன் போட்டியின் வடிவத்தைப் பாருங்கள். அதே கை அணிப் போட்டியில் ஐ.எம்.பி. கணக்கில் (இரு மேசைகளின் புள்ளி வித்தியாசத்தைச் சிறிய அளவாக மாற்றும் முறை) வந்தால், கூடுதல் பிடியின் 30 புள்ளிக்கு ஒரே ஒரு ஐ.எம்.பி.தான் கிடைக்கும், கான்ட்ராக்ட் ஒரு பிடியில் முறிந்தாலோ 600 கிடைக்காமல் 100 தண்டமும் சேர்ந்து வித்தியாசம் 700 ஆகி 12 ஐ.எம்.பி. போய்விடும். நிதானமாக ஆடி கான்ட்ராக்டை நிறைவேற்றுவதே இடைநிலை ஆட்டக்காரர்களின் பலம் என்பதால், அணிப் போட்டிகளைக் கூட்டினால் போதும்.

கொழிஞ்சாம்பாறையார்:
வாளையார் நண்பர் சொல்வது சீட்டு ஆடும் கட்டத்துக்குப் பொருந்தும். நாங்கள் தோற்பதோ ஏலத்தில். எதிரணி 'இரண்டு டைமன்' என்று தொடங்குகிறது. டைமன் இருப்பதாகப் பொருளில்லை, ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ ஆறு சீட்டு கொண்ட வலுவற்ற கையாக இருக்கலாம். அதற்கு எதிராக என்ன சொல்வது என்று முன்கூட்டிப் பேசிவைக்காத ஜோடி அந்த இடத்திலேயே தடுமாறி, தங்களுக்குரிய கான்ட்ராக்டை இழந்துவிடுகிறது. 56 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு ஏலத்தில் கூட்டாளிக்குச் செய்தி சொல்வது புதிதல்ல. ஆனால் அங்கே எல்லோரும் அறிந்த வழக்கத்தில் சொல்கிறார்கள். இங்கே அலர்ட் செய்து (ஏலத்துக்குச் சிறப்புப் பொருள் உண்டென்று எச்சரித்து), கேட்டால் விளக்கம் தந்தாலும், பதில் யோசிக்கும் நேரம் எங்களுடையதுதானே?

கொல்லங்கோட்டார்:
அந்தக் குறை உண்மையானது. அதற்கு மருந்து வேறு. அத்தகைய ஏலத்துக்கு என்ன பதில் சொல்வது என்ற எதிர்ப்பு முறையை எழுதி வைத்து மேசையிலேயே பார்த்துக்கொள்ள அனுமதிக்கலாம். 2018 ஆசிய விளையாட்டில் ஆடவர் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்ற பிரணாப் பர்தனுக்கு வயது 60, சிப்நாத் சர்க்காருக்கு 56. இந்த ஆட்டத்தில் வளர்வதற்குக் காலம் இருக்கிறது. வலிய எதிராளிதான் வேண்டும். தனி அறை வேண்டாம். அதே அறையில் ஆடி, இடைநிலை ஜோடிகளுக்கு மட்டும் தனித் தரவரிசை போடுங்கள்.

கொழிஞ்சாம்பாறையார்:
தனித் தரவரிசையை ஏற்கிறேன். ஆனால் அந்த 'இரண்டு டைமன்' போன்ற எந்தெந்தச் செயற்கை ஏலங்கள் அனுமதிக்கப்படும் என்பதைப் போட்டி அறிவிப்பிலேயே வெளியிட வேண்டும். அன்று காலையில் மேசையில் அமர்ந்த பிறகு தெரிவித்தால், எழுதி வைக்க எங்களுக்கு எங்கே நேரம் இருக்கும்?