ராக்குல எச்சா பாதிப்பு உண்டு பண்ணுன ஆளு யாருங்க? ஒரே ஒரு பேரு, காரணத்தோட

பீளமேடு பேஸ்:
எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நாங்க நாலு பேரு சேந்து ஒரு பேண்டு வெச்சிருக்கறோம், காலேஜ் கல்ச்சுரல்ஸ், எப்பவாச்சும் கல்யாண ரிசப்ஷன், அவ்ளோதான். போன வாரம் ப்ராக்டீஸ் முடிச்சு பேக்கரில டீ குடிக்கறப்ப ஆரம்பிச்ச பேச்சு வாட்சப் குரூப்ல இன்னும் ஓடிட்டே இருக்குது, ராக் மியூசிக்ல மத்தவங்கள எச்சா பாதிச்சது யாருன்னு. எத்தன ரெக்கார்டு வித்துதுங்கறது எனக்கு கணக்கில்லீங்க. அந்தாளு வராமயே இருந்திருந்தா பின்னாடி வந்தவங்க வேற மாதிரி வாசிச்சிருப்பாங்களா இல்லையா, அது ஒண்ணுதான் கேள்வி.

என் ஓட்டு பீட்டில்ஸ்க்கு, குறிப்பா பால் மெக்கார்ட்னிக்கு. 1966 ஆகஸ்ட்டோட கச்சேரி சுத்தறத நிறுத்திட்டு ஸ்டூடியோவுக்குள்ளயே உக்காந்தாங்க, டேப்ப திருப்பி ஓட்டறது, துண்டு துண்டா வெட்டி ஒட்டறதுன்னு என்னென்னமோ பண்ணி நாலே ட்ராக் மெஷின்ல 1967 ஆல்பத்த முடிச்சாங்க, ரெக்கார்டிங் ரூமும் ஒரு வாத்தியம்தான்னு ஊருக்கெல்லாம் காட்டுனது அதுதான். பேஸ் வாசிக்கறவனா இன்னொண்ணும் சொல்லோணும், பின்னாடி டும் டும்னு நிக்காம பேஸ் தனியா ஒரு மெட்டு பாடிட்டு போலாம்னு மெக்கார்ட்னி காட்டுனாரு. ராஜா சார் பாட்டுல பேஸ் போற போக்க கேட்டு வளந்த நம்ம காதுக்கு அது எவ்ளோ பெரிய விசயம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நீங்க யாரை சொல்றீங்க?

காளப்பட்டி கிட்டார்:
கிட்டார் வாசிச்ச ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்ங்க, வேற யாரு. அவரு மொத ஆல்பம் 1967ல வந்துது, 1970 செப்டம்பர்ல ஆளே போயிட்டாரு, 27 வயசு. நடுவுல மூணு சொச்சம் வருசம், அதுக்குள்ள எலெக்ட்ரிக் கிட்டாருங்கற பொருளையே மாத்தி வெச்சுட்டு போயிருக்காரு. அதுக்கு முன்னாடி ஆம்ப்ல (கிட்டார் சத்தத்த பெருசாக்கற பொட்டி) இருந்து வர்ற சத்தம் திரும்ப கிட்டாருக்குள்ளயே போயி ஃபீட்பேக் கீய்ய்னு வந்தா பெரும்பாலும் அத அமுக்கத்தான் பாப்பாங்க, இவரு அதையே ஸ்வரமா வாசிச்சாரு. வலது கைக்காரங்க கிட்டார திருப்பி போட்டு கம்பி மாத்தி கட்டி இடது கைல வாசிச்சவரு. 1969 வுட்ஸ்டாக் இசை விழாவுல அமெரிக்க தேசிய கீதத்த வாசிச்சத ஒருக்கா கேளுங்க, குண்டு விழுகற சத்தம், சைரன் சத்தம் எல்லாம் அந்த ஒத்த கிட்டார்ல இருந்து வருது, வியட்நாம் சண்டை நடந்துட்டிருந்த நேரம் அது. இன்னிக்கு கோயம்புத்தூர்ல கிட்டார் கத்துக்கற எந்த பையனும் வா பெடல (சத்தத்த வா வான்னு பேச வெக்கற கால் மிதி) மிதிச்சா அது ஹெண்ட்ரிக்ஸ் போட்ட பாதைலதான் போறான்.

ஈரோடு கொயர்:
எல்லாரும் 60கள்ல இருந்தே ஆரம்பிக்கறீங்க, அதுக்கு முன்னாடி ஆளே இல்லையா? ஹெண்ட்ரிக்ஸ் யாரோட பேண்டுல வாசிச்சிட்டிருந்தாரு? 50கள்லயே ராக் அண்ட் ரோல் பாடுன லிட்டில் ரிச்சர்டு. அந்த லிட்டில் ரிச்சர்ட 14 வயசு பையனா இருக்கறப்ப 1947ல மொத மொதல்ல பெரிய மேடையேத்துனது யாரு? சிஸ்டர் ரோசெட்டா தார்ப். சர்ச்சுல பாடற கறுப்பின பொண்ணு, 1915ல பொறந்தவங்க, எலெக்ட்ரிக் கிட்டார தோள்ல போட்டுட்டு, ராக் அண்ட் ரோலுன்னு ஊரே பேச ஆரம்பிக்கறதுக்கு பத்து வருசம் முன்னாடியே அந்த துள்ளலோட வாசிச்சவங்க. 1964ல மான்செஸ்டர் பக்கம் மூடிக் கெடந்த ஒரு ரயில்வே ஸ்டேசன்ல டிவிக்காக வாசிச்சாங்க, மழை ஈரம், பிளாட்பாரத்துல கோட்டு போட்டுட்டு நின்னு வாசிக்கற வீடியோ இருக்குது, பாருங்க. ராக் ஹால் ஆஃப் ஃபேம்ல அவங்க பேர சேத்தது 2018லதான், அவங்க போயி 45 வருசம் கழிச்சு! இத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

நான் சர்ச் கொயர்ல கிட்டார் வாசிச்சு வளந்தவ. நம்ம பக்கம் நல்லா கிட்டார் வாசிக்கறவங்கள்ல நெறைய பேரு ஞாயித்துக்கெழம ஆராதனைல கோர்டு புடிச்சு பழகுனவங்கதான், அதனால சர்ச்சுல இருந்து ராக் வந்துதுங்கறது எனக்கு ஆச்சரியமே இல்ல. தார்ப்புக்கு அடுத்து சக் பெர்ரி. ரோலிங் ஸ்டோன்ஸோட மொத சிங்கிள், 1963, அது சக் பெர்ரி பாட்டு. பீட்டில்ஸும் அதே வருசம் அவரு பாட்ட ஆல்பத்துல போட்டிருக்காங்க. 1977ல வாயேஜர் விண்கலத்துல அனுப்புன தங்க ரெக்கார்டுல இருக்கற ஒரே ராக் அண்ட் ரோல் பாட்டும் அவரோடதுதான். வேர விட்டுட்டு கெளைய எண்ணிட்டிருக்கறதுல அர்த்தமில்லீங்க.

பட்டறைக்காரன்:
அம்மணி சொல்றது ஞாயம், தார்ப் பேர இங்க யாராச்சும் சொன்னது நெம்ப சந்தோசம். ஆனா தம்பி வெச்ச கேள்வி, இந்தாளு இல்லைன்னா பின்னாடி வந்தவங்க வேற மாதிரி வாசிச்சிருப்பாங்களாங்கறது. அப்புடி பாத்தா என் பதிலு டோனி அயோமி, பிளாக் சாபத் பேண்டோட கிட்டார்காரரு.

நான் கணபதில லேத் பட்டறை வெச்சிருக்கறேன். அயோமி ஊரு பர்மிங்காம், நம்ம கோயம்புத்தூராட்டவே பவுண்டரி, பிரஸ் ஷாப், பட்டறைன்னு பொழுதுக்கும் சத்தம் கேட்டுட்டே கெடக்கற ஊரு. அவருக்கு 17 வயசு, தகடு வேலை செய்யற ஃபேக்டரில கடைசி நாள் வேலை, மறுநாள்ல இருந்து பேண்டோட கெளம்பற யோசனை. அன்னிக்குன்னு வழக்கமா மெஷின்ல நிக்கற ஆளு வரல, இவர நிக்க சொல்லிட்டாங்க. வலது கைல நடு வெரலு, மோதர வெரலு ரெண்டுலயும் நுனி போயிருச்சு. அவரு இடது கைக்காரரு, அப்ப வலது கைதான் கம்பிய அமுக்கற கை. இனி கிட்டார் அவ்ளோதான்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. பவர் பிரஸ்ல வெரல குடுத்தவங்க நம்ம ஊர்ல எத்தன பேரு, அவங்க மொகத்த நான் பாத்திருக்கறேன். அதனால இந்த கதைய என்னால சும்மா கடந்து போக முடியறதில்ல.

அந்த ஃபேக்டரி மேனேஜரு ஒரு ரெக்கார்டு கொண்டாந்து கேக்க வெச்சாராம், ஜாஸ் கிட்டார் வாசிச்ச ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டு. 1928ல தீ விபத்துல இடது கைல ரெண்டு வெரலு சரியா மடங்காம போயி, மிச்ச வெரல வெச்சே அப்புடி வாசிச்ச மனுசன். அத கேட்டதுக்கு அப்பறம் அயோமி பாத்திரம் கழுவற சோப்பு பாட்டில உருக்கி, வெரலுக்கு தொப்பி மாதிரி தேச்சு எடுத்து, மேல பழைய ஜாக்கெட்டு தோல ஒட்டி மாட்டிக்கிட்டாரு. முழுக்க பட்டறை வேலைங்க அது. கம்பி உணர்ச்சி தெரியாது, வலிக்கும், அதனால மெல்லிசு கம்பி வேணும், அப்ப கடைல கெடைக்காம பேஞ்சோ கம்பிய வாங்கி மாட்டுனாரு. வெரல விரிச்சு பெரிய கோர்டு புடிக்கறது கஷ்டம், ரெண்டு சுரத்துல நிக்கற பவர் கோர்டையே அடிச்சாரு. 1971ல வந்த மூணாவது ஆல்பத்துல கம்பிய ஒண்ணரை ஸ்வரம் எறக்கி கட்டுனாரு, இழுவை கொறஞ்சா வெரலுக்கு சொகம். அப்புடி எறக்குனப்ப வந்துது பாருங்க அந்த இருட்டான கனமான சத்தம், ஹெவி மெட்டல் பூராவும் அதுல இருந்து கெளம்புனது. மொத ஆல்பம் 1970 பிப்ரவரி 13 வெளியாச்சு, கிட்டத்தட்ட ஒரே நாள்ல ரெக்கார்டு பண்ணுனது.

பவானி ட்ரம்ஸ்:
கிட்டார்காரங்க பேச்சு முடிஞ்சுதுங்களா? ஜான் பான்ஹாம் பேரு ஒருத்தரு வாயிலயும் வரல. 1971ல லெட் செப்பலின் நாலாவது ஆல்பத்துல ஒரு பாட்டுக்கு, ஒரு பழைய வீட்டு மாடிப்படி ஹால்ல ட்ரம்ஸ வெச்சு, மைக்க மேல படில தொங்க விட்டு எடுத்தாங்க. அந்த அடிய பதினஞ்சு வருசம் கழிச்சு பீஸ்டி பாய்ஸ் அப்புடியே எடுத்து ஹிப் ஹாப்ல போட்டாங்க, அதுக்கு மேல எத்தனையோ பேரு எடுத்துட்டாங்க. கிட்டார் ரிஃப்ப (திரும்ப திரும்ப வர்ற சின்ன மெட்டு) நாலு பேரு பாத்து வாசிக்கலாம், ஒரு மனுசன் ஒருக்கா அடிச்ச அடி வேற வேற பாட்டுல திரும்ப திரும்ப வருதுன்னா அது பாதிப்பு இல்லாம என்னங்க? எங்க ஊரு நோம்பில தவில கேட்டு வளந்தவன் நான், கனமா அடிக்கறதுக்கும் சத்தமா அடிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியும். பான்ஹாம் கனமா அடிச்சவரு.

பீளமேடு பேஸ்:
கொயர் அக்கா, அந்த ரயில்வே ஸ்டேசன் வீடியோவ குரூப்ல போட்டுட்டேன், எல்லாரும் பேச்சு மூச்சில்லாம பாத்தாங்க. பட்டறை அண்ணா, உங்க கதை நெஞ்ச புடிச்சுருச்சு, ஆனா ஒரு கேள்விங்ணா. அயோமி பாதிச்சது மெட்டல் ஆளுங்கள மட்டும்தானுங்களே? பீட்டில்ஸ் சினிமா பாட்டு வரைக்கும் வந்துட்டாங்க. ரஹ்மான் கூட சினிமாவுக்கு முன்னாடி சென்னைல நெமிசிஸ் அவென்யூன்னு ராக் பேண்டுல கீபோர்டு வாசிச்சவருதான், அந்த தலைமொறை கேட்டு வளந்ததுல பீட்டில்ஸ் இல்லாம இருந்திருக்காதுங்களே.

பட்டறைக்காரன்:
தம்பி, பரவுனதும் பாதிச்சதும் ஒண்ணில்லீங்க. பீட்டில்ஸ் எல்லா வீட்டுக்குள்ளயும் போனாங்க, நான் இல்லைங்கல. ஆனா மெட்டலு மட்டும்னு சொல்லாதீங்க, 90கள்ல சியாட்டில்ல இருந்து வந்த சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் எல்லாம் கம்பிய எறக்கி கட்டுனவங்க, அந்த கனம் எங்கிருந்து வந்துதுன்னு காது வெச்சு கேட்டா தெரியும். 2025 ஜூலை 5 பர்மிங்காம் வில்லா பார்க் ஸ்டேடியத்துல சாபத் கடைசியா வாசிச்சப்ப, மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோசஸ், ஸ்லேயர், டூல் எல்லாம் இவங்களுக்கு முன்னாடி ஏறி வாசிச்சுட்டு எறங்குனாங்க. அந்த பேண்டுகளே ஒவ்வொண்ணும் ஒரு ஸ்டேடியத்த நெரப்பற ஆளுங்க. அது முடிஞ்சு மூணு வாரங்கூட ஆகல, 22ஆம் தேதி சாபத் பாடகர் ஓசி ஆஸ்பர்ன் எறந்துட்டாரு. அன்னிக்கு பட்டறைல மெஷின நிறுத்திட்டு மொத ஆல்பத்த முழுசா போட்டு விட்டேன், எங்க பசங்களும் வேலைய விட்டுட்டு கூட உக்காந்து கேட்டாங்க.

காளப்பட்டி கிட்டார்:
அண்ணா, ஹெண்ட்ரிக்ஸ நான் விட்டுத்தர மாட்டேன், ஆனா அந்த ஒண்ணரை ஸ்வரம் எறக்கறத எங்க பேண்டுல செஞ்சு பாக்கோணும்னு ஆசையா இருக்குதுங்ணா. இப்ப போட்டிருக்கற கம்பியவே எறக்குனா போதுங்களா?

பட்டறைக்காரன்:
போதும், ஆனா தொளதொளன்னு இருக்கும், கம்பி ஃப்ரெட்ல பட்டு கடகடங்கும். கம்பி ஒரு சைஸ் தடிமனா போட்டா பிடி கெடைக்கும், அயோமி மாதிரி மெல்லிசாவே வேணும்னா அடிக்கற கைய லேசா வெச்சுக்கோங்க. எறக்குனதும் கழுத்து இழுவை மாறும், ட்ரஸ் ராட (கழுத்துக்குள்ள இருக்கற, வளைவ சரி பண்ணற கம்பி) ஒரேயடியா திருப்பாம கால் சுத்து திருப்பிட்டு ஒரு நாள் விட்டு பாருங்க. பேஸ் தம்பியும் சேந்தே எறக்கோணும்.