கறுப்பு மேனியை எண்ணெய் வண்ணத்தில் வரைபவர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள்

பெரிய கேன்வாஸில் நம் மக்களை வரையும் கறுப்பின ஓவியர்கள் இங்கே யாரெல்லாம் இருக்கிறீர்கள்? உங்கள் கைப்பக்குவம் தேவைப்படுகிறது.

அமெரிக்கக் கறுப்பின ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலைப் போல ஐவரி பிளாக், மார்ஸ் பிளாக், கார்பன் பிளாக் என்ற மூன்று கறுப்பு வண்ணங்களையும் தனித்தனி நிறங்களாகவே கையாள்கிறேன். அல்ட்ராமரைன் நீலம் சேர்த்தால் குளிர்ச்சி, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு சேர்த்தால் வெதுவெதுப்பு. இதுவரை சரி. காய்ந்த பிறகுதான் சிக்கல். அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிய இடம் சாம்பல் பூத்து மங்குகிறது, பக்கத்து இடம் பளபளக்கிறது. வெளிர் நிறங்களில் இது அவ்வளவாகத் தெரியாது. கறுப்பிலோ கன்னத்தின் வளைவே தொலைந்துபோகிறது.

ஐவரி பிளாக் எண்ணெய் அதிகம் குடிக்கும், மெதுவாகக் காயும். அதன்மேல் வேகமாகக் காயும் மார்ஸ் பிளாக் போட்டால் விரிசல் விடும் என்பதால் மார்ஸ்தான் அடியில். நன்கு காய்ந்ததும், மங்கலைப் போக்க ஆளி விதை எண்ணெயும் வாசனையற்ற கரைப்பானும் சம அளவு கலந்து மெல்லத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுகிறேன். (அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும்.) அப்படியும் மங்கல் திரும்பி வருகிறது.

கேன்வாஸில் முதலில் பூசும் ஜெஸ்ஸோ அடிப்பூச்சே அதிகமாக உறிஞ்சுகிறதா? எத்தனை பூச்சு போடுகிறீர்கள், மேலே எதைக் கொண்டு அடைக்கிறீர்கள்?

பதிலோடு படமும் போட்டால், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியைப் பாதியாக) குறைத்து எடுங்கள். கேமராவை அதன் போக்கில் விட்டால் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும்.

1963-ல் ஓவியர் ரோமேர் பியர்டனும் நண்பர்களும் நியூயார்க்கில் ஸ்பைரல் என்ற கறுப்பினக் கலைஞர்கள் குழுவாகக் கூடிப் பேசியதுபோல, மாதம் ஒருமுறை காணொளியில் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துப் பேச ஐந்தாறு பேர் வருவீர்களா?