போன் இருக்கும்போது எம்பி3 பிளேயர் தேவையா?

நிலாவெளி பஸ்:
வேலைக்காகத் தினமும் திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். போனில்தான் பாட்டு. மாலை திரும்பும்போது பற்றரி செத்துவிடுகிறது. கடைவீதியில் பட்டன் வைத்த சின்ன எம்பி3 பிளேயர் ஒன்று பார்த்தேன். மெமரி கார்ட் போடலாம், எஃப்எம் உண்டு, புளூடூத்தும் இருக்கிறதாம். நான் அதிகம் கேட்பது பழைய சினிமாப் பாட்டும் நாதஸ்வரக் கச்சேரியும். தினப் பாவனைக்கு உதவுமா, இல்லை காசுக்குக் கேடா?

கிண்ணியா நானா:
காசுக்குக் கேடுதான் தம்பி. பற்றரி பிரச்சினைக்கு பவர் பேங்க் வாங்குங்கள், அது போனுக்கும் உதவும். 2001இல் ஐபொட்டைக் கொண்டுவந்த ஆப்பிளே 2022 மே மாதம் அதை நிறுத்திவிட்டது. செய்தவனே கைவிட்ட சாமானை நாம் ஏன் தேடிப் போக வேண்டும்?

மட்டிக்களி:
நானா, அவர்கள் நிறுத்தியது தங்களுடைய போனே அந்த வேலையைப் பார்ப்பதால். அது அவர்களின் வியாபாரக் கணக்கு. கந்தளாய் பஸ்ஸில் நிற்கிறவருக்குக் கணக்கு வேறு.

ஒரு கை கம்பியில் இருக்கும்போது மற்றக் கையால் சட்டைப் பைக்குள்ளேயே தடவிப் பாட்டை மாற்றலாம். பட்டனின் சுகம் அதுதான். போனில் என்றால் வெளியே எடுத்து, பூட்டைத் திறந்து, அதற்குள் வட்ஸ்அப்பில் எதையோ பார்த்து, பாட்டுக் கேட்க எடுத்தவர் குடும்பக் குழுவில் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்.

ஆனால் தம்பி, தமிழில் பெயரிட்ட பாட்டு நாலைந்தைக் கார்டில் போட்டுக் கடைக்கே கொண்டுபோய்ப் பாருங்கள். மலிவான பிளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை, வெறும் கட்டம் கட்டமாக வரும். சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றினால் போதாது. உள்ளே பதிந்திருக்கும் பாட்டு விவரத்தைத்தான் பல பிளேயர்கள் முதலில் காட்டும், அதையும் மாற்ற வேண்டும்.

கிண்ணியா நானா:
பார்த்தீர்களா! பாட்டுக் கேட்க வந்தவரை எழுதுவினைஞர் ஆக்கிவிட்டீர்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள். பல மலிவுப் பிளேயர்கள் பாட்டை அகர வரிசையில் போடுவதில்லை, கார்டில் எந்த ஒழுங்கில் ஏற்றினோமோ அந்த ஒழுங்கில்தான் போடும். போனில் இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை.

உவர்மலை அக்கா:
இரண்டு பேரும் தம்பி என்ன கேட்கிறார் என்பதையே பார்க்கவில்லை. நாதஸ்வரக் கச்சேரி என்கிறாரே! ஒரு ராகமும் கீர்த்தனையும் சேர்ந்து முக்கால் மணி நேரம் ஒரே கோப்பாக இருக்கும். கந்தளாயில் இறங்கும்போது பாதியில் நிறுத்துவார். மாலையில் மீண்டும் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். சில பிளேயர்கள் அணைத்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும். முக்கால் மணி நேரக் கோப்பில் பழைய இடத்தைத் தேடி பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பது பெரிய தண்டனை. கடையில் ஒரு நீளக் கோப்பை நடுவில் நிறுத்தி, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். ஆலாபனையும் கீர்த்தனையும் தனித்தனிக் கோப்பாக இருந்தால், இடையில் அரை நொடி மௌனம் விழுகிறதா என்றும் கேளுங்கள். சினிமாப் பாட்டில் அது தெரியாது. கச்சேரியில் கழுத்தை நெரித்தது மாதிரி இருக்கும்.

ஒலித்தரம் என்று சொல்லி விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவில் பழைய நாடாவிலிருந்து எடுத்த பதிவாகத்தான் பலரிடம் இருக்கிறது. அதில் இரைச்சல் இருந்தால் எந்தப் பிளேயரும் அதைத் துடைக்காது. குறைந்த தரத்து எம்பி3யை ஃபிளாக் என்கிற தரம் குறையாத கோப்பு வகையாக மாற்றினால் கோப்பு பெரிதாகும், சத்தம் அப்படியே இருக்கும். புளூடூத் ஹெட்செட் போட்டால் டிஜிட்டலைச் சத்தமாக மாற்றுகிற வேலையை ஹெட்செட்டே செய்துவிடும். பிளேயருக்குள் இருக்கும் நல்ல சிப்புக்குக் கொடுத்த காசு வீண்.

கிண்ணியா நானா:
அப்படியென்றால் அக்கா என் பக்கம்.

உவர்மலை அக்கா:
இல்லை நானா. காசைப் பிளேயரில் கொட்டாமல் காதை நன்றாக அடைக்கும் இயர்போனில் போடச் சொல்கிறேன். பஸ்காரர் ஒரு பாட்டுப் போடுவார், அதை மூழ்கடிக்க நாம் சத்தத்தைக் கூட்டுவோம். உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். போக வர நிதமும் கேட்கிறவருக்கு அந்த 4 மணி நேரம் வாரம் முடிய முன்னமே தீர்ந்துவிடும்.

சீனக்குடா:
அண்ணா, அண்ட்ரொயிட் பிளேயர் ஒன்று எடுங்கள், தமிழும் ஒழுங்காக வரும். இல்லாவிட்டால் பழைய ஐபொட் கிளாசிக் ஒன்று. அதன் அழகே தனி.

மட்டிக்களி:
அண்ட்ரொயிட் பிளேயர் என்றால் சிம் இல்லாத போன்தான். அதற்கும் பற்றரி இறங்கும், சில வருடத்தில் அப்டேட் நின்று செயலிகள் ஒவ்வொன்றாக ஓடாமல் போகும். இந்த விலைக்கு நானாவின் பேச்சையே கேட்கலாம். பழைய ஐபொட்டில் பாட்டை வெறுமனே இழுத்துப் போட முடியாது, ஐடியூன்ஸ் வழியாக ஏற்ற வேண்டும். வயரும் வேறு. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். கந்தளாய் ரோட்டில் தினமும் குலுக்கி எடுக்கிற சாமானா அது?

நிலாவெளி பஸ்:
அக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. வயர் இயர்போன்தான் பாவிக்கிறேன். எஃப்எம் எப்படி?

மட்டிக்களி:
வயர் என்றால் நல்லது. அந்த வயர்தான் ரேடியோவுக்கு அன்ரெனா. புளூடூத்தில் கேட்கிறவர்கள் இதை எதிர்பார்த்து ஏமாறுவார்கள். உப்புக்காற்று ஊர் என்பதால் இயர்போன் குத்துகிற ஓட்டையையும் கவனியுங்கள். டச்சு பே மணலில் இருந்துவிட்டு அப்படியே பைக்குள் போட்டால் கொஞ்ச நாளில் ஒரு காதில் மட்டும்தான் கேட்கும்.

நிலாவெளி பஸ்:
சரி. சனிக்கிழமை ஒரு நீளக் கச்சேரியும் தமிழ்ப் பெயருள்ள பாட்டுகளும் கார்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் வாங்குவேன். எழுத்து கட்டம் கட்டமாக வந்தாலும் பரவாயில்லை, பாட்டு எனக்குத் தெரியும்.

கிண்ணியா நானா:
வாங்குங்கள், நான் பவர் பேங்கில்தான் நிற்கிறேன். ஆனால் 512 ஜிபி என்று ஒட்டி அரை விலைக்கு விற்கிற கார்டைத் தொடாதீர்கள். உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். கம்ப்யூட்டரும் 512 என்றே காட்டும், பாட்டும் ஏறுகிற மாதிரியே இருக்கும், போட்டால்தான் பாதி ஓடாது. உண்மையான கொள்ளளவைச் சோதிக்க இலவச மென்பொருள் இருக்கிறது, பாட்டு ஏற்ற முன்னம் ஒருமுறை ஓட்டுங்கள். நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் கேட்கிறவருக்கு 32 ஜிபியே தாராளம். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட் அளவுதான்.