டைப் 1 சர்க்கரை நோய் உள்ள மகளுக்கு சீலியாக் டெஸ்டும் பாசிட்டிவ்: கோதுமையை இப்போதே நிறுத்தலாமா?

பெரம்பூர் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 9 வயது, டைப் 1 வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வருஷாந்திர ரத்த டெஸ்டோடு டிடிஜி என்று, சீலியாக்குக்கான ஆன்டிபாடி டெஸ்ட் ஒன்றும் எடுத்தார்கள், இருக்க வேண்டிய அளவைப்போல ஆறு மடங்கு வந்திருக்கிறது. சீலியாக்காக (கோதுமை, பார்லியில் உள்ள க்ளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) இருக்கலாம், எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்போம் என்கிறார் டாக்டர். வயிற்றுவலி, பேதி எதுவும் கிடையாது. ஆனால் போன வருஷ யூனிஃபார்ம் இன்னும் அளவாக இருக்கிறது, அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடியற்காலையில் காரணமே இல்லாமல் சர்க்கரை இறங்கி லோ ஆகிறது. சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து சோற்றைக் குறைத்து ராத்திரி சப்பாத்தி என்று பழக்கியதே நான்தான், அதை நினைத்தால் தாங்கவில்லை. எண்டோஸ்கோப்பிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை தெரிந்தே எப்படிக் கொடுப்பது?

வேளச்சேரி அப்பா:
சகோதரி, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். ரிப்போர்ட் வந்த அன்றே பையனுக்குக் கோதுமையை நிறுத்திவிட்டோம், எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. கோதுமை சாப்பிடும்போதுதான் குடலில் உள்ள பாதிப்பு பயாப்ஸியில் (எண்டோஸ்கோப்பியின்போது குடலில் துளி சதை எடுத்துப் பார்ப்பதில்) தெரியும், நிறுத்தினால் குடல் ஆற ஆரம்பித்துவிடும், ரத்தத்தில் டிடிஜியும் இறங்கிவிடும். கடைசியில் மறுபடி வாரக்கணக்கில் பிரெட்டும் சப்பாத்தியும் கொடுத்துத்தான் செய்ய வேண்டியதாயிற்று, அவன் அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மூன்று வாரம்தானே, வழக்கம்போல கொடுங்கள். டிடிஜியோடு மொத்த ஐஜிஏ (ரத்தத்தில் உள்ள ஒரு வகை ஆன்டிபாடி) அளவையும் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சப்பாத்தியை நினைத்து உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். டைப் 1, சீலியாக் இரண்டுக்கும் டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணுக்கள் பொதுவானவை, அதனால்தான் இரண்டும் ஒரே குழந்தைக்கு வருகிறது. தென்னிந்தியாவில் பொதுவாக ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் சீலியாக், ஆனால் டைப் 1 உள்ள பிள்ளைகளில் உலக அளவில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர். பல பிள்ளைகளுக்கு வயிற்றில் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் டைப் 1 தெரிந்தவுடனும், இரண்டாம், ஐந்தாம் வருஷத்திலும் பார்க்கச் சொல்கிறார்கள். நீங்கள் சொல்லும் உயரமும் லோவும் கண்டிப்பாக டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. குடல் சரியாக உறிஞ்சாவிட்டால் போட்ட இன்சுலினுக்கு ஏற்ற சர்க்கரை சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேராது, அதனால் லோ ஆகலாம்.

மயிலாப்பூர் பாட்டி:
பேத்திக்கு சீலியாக், நான்கு வருஷமாகச் சமைக்கிறேன். உறுதியானால் பயப்படாதேம்மா, நம் அடுப்பில் பாதி ஏற்கெனவே கோதுமை இல்லாததுதான்: இட்லி, ஆப்பம், இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, தினை, பொங்கல். ரவை, மைதா, சேமியா, பார்லி, மால்ட் கலந்த பானப் பொடி எல்லாம் வேண்டாம். எனக்கே தெரியாமல் ஏமாந்தது பெருங்காயம். கட்டி, தூள் இரண்டிலும் பெரும்பாலும் மைதா கலப்பார்கள், டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படி. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. அடுத்தது மாவு மில். எங்கள் தெரு மில்லில் கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகைக் கொட்டுவார், எவ்வளவு துடைத்தாலும் கல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறேன். சப்பாத்திக் கல்லில் தோசை வார்க்காதே, தனிக் கல் வாங்கிவிடு.

வேளச்சேரி அப்பா:
ஒன்று விட்டுப்போயிற்று. கோதுமை போய் அரிசி வந்தால் சாப்பிட்ட பிறகு சர்க்கரை வேகமாக ஏறும், குடல் ஆற ஆற சத்தும் நன்றாகச் சேரும், இன்சுலின் கொஞ்சம் கூட்ட வேண்டிவரலாம். முதல் இரண்டு மாதம் அடிக்கடி விரலில் குத்திப் பார்த்தோம், அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்றினோம். லோ ஆனால் பிஸ்கட் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள், குளுக்கோஸ் போதும். ஸ்கூல் பையிலும் வகுப்பு டீச்சரிடமும் ஒவ்வொரு பாக்கெட் கொடுத்துவையுங்கள்.

பெரம்பூர் அம்மா:
படித்துவிட்டு ராத்திரி சப்பாத்தியே போட்டேன், இரண்டு சாப்பிட்டாள். பாட்டி, பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், மைதா என்றுதான் போட்டிருக்கிறது. ஐஜிஏ பார்த்தார்களா என்று நாளைக்கு லேபில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.