டிராம்போன் படித்த பிரான்சிஸ்கோ கோல் பற்றித் தெரிந்தவர்கள் உண்டா?

கருங்கல் ஸ்லைடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 21 வயது. கருங்கல் பக்கம் ஒரு கோயில் பேண்டில் பதினோரு வயதிலிருந்து டிராம்போன் வாசிக்கிறேன். ஸ்லைடு என்ற இழுகுழாயை முன்னும் பின்னும் நகர்த்தி ஊதும் பித்தளை வாத்தியம் அது. போன வாரம் தேர்ப் பவனி முடிந்து அதிகாலை மூன்று மணிக்கு வேனில் திரும்பும்போது, ஸ்பெயின் இசையமைப்பாளர் ரோட்ரிகோவின் அரான்ஹுவெஸ் கிட்டார் கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வாத்தியம் முன்னின்று வாசிப்பது) கேட்டுக்கொண்டிருந்தேன். வாசித்தவர் யாக்கோப் கெல்லர்மான். அதே ஆல்பத்தில் 'தூரியா' என்று இன்னொரு கிட்டார் கான்செர்ட்டோ இருந்தது. வெயிலில் காய்ந்த மண் போல ஒரு சத்தம். திடீரென்று தாளம் கிளம்புகிறது, பாதியில் நிற்கிறது, வேறு பக்கமாகத் திரும்பி ஓடுகிறது. வேனில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் அதையே மூன்று தடவை கேட்டேன்.

எழுதியவர் பிரான்சிஸ்கோ கோல். ஸ்பெயினில் வலென்சியாக்காரர், 1985-ல் பிறந்தவர். தேடிப் பார்த்தால் அவர் படித்தது டிராம்போன்! அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குப் பாடம் சொன்ன ஒருவர், "ஸ்லைடு வாசிக்கிறவன் பாட்டு எழுத முடியாது, அதற்குக் கீபோர்டு வேண்டும்" என்று சொல்லிவிட்டார். நான்கு வருடமாக அது மனதில் முள்ளாகக் கிடக்கிறது.

இவர் எப்படி மேலே வந்தார்? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை வயலின் எழுதியது:

தம்பி, வயலின் கான்செர்ட்டோவில் தொடங்குங்கள். 2019-ல் பட்ரீசியா கோபாச்சின்ஸ்காயாவுக்காக எழுதியது. அந்த அம்மா மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வாசிப்பவர். கச்சேரிக்குச் செருப்பில்லாமல் ஏறுவது நமக்குப் பழக்கம்தான், அங்கே அது பெரிய பேச்சு. லக்ஸம்பர்க் ஆர்கெஸ்ட்ராவோடு பதிவு செய்திருக்கிறார்கள். அதே ஆல்பத்தில் 'ஐபீரிய மினியேச்சர்கள்' என்று நான்கு சின்ன உருப்படிகள் உண்டு. ஸ்பெயினின் ஃபிளமெங்கோ ஆட்டப்பாட்டுத் தாளத்தைப் பிய்த்து மறுபடி கோத்தது போல இருக்கும். முதல் கேட்பில் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். எனக்கு ஐந்தாவது தடவைதான் பிடிபட்டது.

பழைய யூஃபோனியம் எழுதியது:

மக்களே, உன் கேள்வியைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு 67 வயது, பார்வதிபுரத்தில் இருக்கிறேன். இருபது வருடம் கப்பலில் எஞ்சின் அறை வேலை, ஊருக்கு வந்தால் பேண்டில் யூஃபோனியம். 1998 மார்ச்சில் எங்கள் கப்பல் வலென்சியா துறைமுகத்தில் ஒன்பது நாள் நின்றது. அது ஃபாயஸ் திருவிழா நேரம். மார்ச் 19 சூசையப்பர் திருநாளோடு முடியும். தெருவுக்குத் தெரு பேண்டு! கிளாரினெட், ட்ரம்பெட், டிராம்போன், ட்யூபா, பின்னால் பேஸ் டிரம். கண்ணை மூடினால் கோட்டாறு சவேரியார் கோயில் தெருவில் நிற்பது போல இருந்தது. அழுகை வந்துவிட்டது.

அந்தப் பகுதியில் ஊருக்கு ஒரு பேண்டு சங்கம் உண்டு, சில ஊர்களில் இரண்டு. யீரியா என்ற சின்ன ஊரில் ஒரு பேண்டு 1819-லிருந்து இருக்கிறது. அதற்குப் போட்டியாக அதே ஊரில் இன்னொன்று. நம் ஊரில் இரண்டு செட்டு எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமே, அதே கதைதான். வலென்சியா நகரத்தில் 1886-லிருந்து பேண்டுப் போட்டி நடத்துகிறார்கள். இன்னொன்று கேள். நவம்பரில் புனித செசிலியா திருநாளை ஒட்டி, அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் வீட்டு வாசலுக்கு முழு பேண்டும் வாசித்துக்கொண்டே போய், ஒவ்வொருவரையாக அழைத்து வரும். மாப்பிள்ளை அழைப்பு போல. துறைமுகத்து முதியவர் ஒருவர் இதைக் கையாலேயே நடித்துக் காட்டினார்.

கோல் வந்தது அந்த மண்ணிலிருந்துதான். வலென்சியாவிலும் மத்ரீதிலும் இசைக் கல்லூரிப் படிப்பு. 'ஆக்வா சினெரேயா' என்ற ஆர்கெஸ்ட்ரா உருப்படியை எழுதித் தன் படைப்பு வரிசையில் ஒன்றாம் எண் கொடுத்தார், அது 2005-ல். அப்போது அவருக்கு உன்னை விட ஒரு வயது குறைவாகவே இருந்திருக்கும். அப்புறம் லண்டன் போய் கில்ட்ஹால் இசைப் பள்ளியில் படித்தார். தாமஸ் அடெஸ் என்ற பெரிய இசையமைப்பாளரிடம் தனியாகவும் படித்தார். அடெஸ் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்த ஒரே மாணவர் இவர்தான் என்கிறார்கள். 2014-ல் காஃப்காவின் எழுத்துகளிலிருந்து 'கஃபே காஃப்கா' என்று ஓர் ஓபரா. 2019-ல் சர்வதேச கிளாசிக்கல் இசை விருது, இசையமைப்பாளருக்கானது. இவர் உருப்படிகளை லக்ஸம்பர்க்கில் நடத்திய குஸ்தாவோ ஹிமேனோவும் வலென்சியாக்காரர்தான். ஆம்ஸ்டர்டாமின் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் பெர்குஷன் (தாள வாத்தியங்கள்) வாசித்துவிட்டுக் கண்டக்டர் ஆனவர். பார்த்தாயா, பின் வரிசை ஆட்கள்!

பின் வரிசையில் இருப்பவனுக்கு ஒரு லாபம் உண்டு. முன்னால் கிளாரினெட்காரன் முழுப் பாட்டையும் ஊதிக்கொண்டிருப்பான், அவனுக்குத் தன் வரி மட்டும்தான் கேட்கும். நீ நாற்பது பார் (தாளக் கட்டம்) எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாய். யார் எங்கே ஏறுகிறார், எங்கே சுருதி நழுவுகிறது, எல்லாம் உன் காதில் விழும். அப்புறம் ஸ்லைடு. கீபோர்டில் இரண்டு கட்டைக்கு நடுவே ஒன்றும் கிடையாது. உன் கையில் அந்த நடுவும் இருக்கிறது. உனக்குப் பாடம் சொன்னவர் இதை யோசிக்கவில்லை.

இனி தூரியா. அது வலென்சியா ஆற்றின் பெயர். 1957 அக்டோபர் 14-ல் ஆறு ஊருக்குள் புகுந்து எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு ஆற்றையே ஊருக்குத் தெற்கே புது வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டார்கள். பழைய படுகை இப்போது மைல் கணக்கில் பூங்கா. தண்ணீர் இல்லாத ஆற்றில் ஆரஞ்சு மரமும் பந்து விளையாடும் பிள்ளைகளுமாக இருக்கும். மேலே பழைய கல் பாலங்கள் அப்படியே நிற்கின்றன. நான் அதன் வழியே நடந்திருக்கிறேன். நீ சொன்ன அந்தக் காய்ந்த மண் சத்தம் சரிதான்.

ராஜாக்கமங்கலம் கொயர் எழுதியது:

வருத்தப்படாமல் படியுங்கள். தூரியாவை இப்போது கேட்டேன். அரான்ஹுவெஸ் மாதிரி மனதில் ஒட்டும் ஒரு மெட்டு இதில் எங்கே இருக்கிறது? ரோட்ரிகோவும் வலென்சியா பக்கம் சகுந்தோவில் பிறந்தவர்தான். மூன்று வயதில் பார்வை போனவர், பிரெயிலில் எழுதி இப்படி ஒரு பாட்டைத் தந்தார். ஜனங்கள் முணுமுணுக்க முடியாத இசை யாருக்கு?

பழைய யூஃபோனியம் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. ரோட்ரிகோவை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அவர் அதை எழுதிய 1939-ல் தூரியாவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோல் பிறக்கும்போது ஆறே இல்லை. இல்லாத ஆற்றுக்கு வழுக்கிக்கொண்டு ஓடும் மெட்டு போட்டால் அது பொய்யாகிவிடும். 2024 அக்டோபர் 29-ல் மறுபடி வெள்ளம் வந்தது. திருப்பிவிட்ட வாய்க்கால் நகரத்தைக் காத்தது, அதற்குத் தெற்கே உள்ள ஊர்கள் மூழ்கின. இருநூறுக்கு மேல் உயிர் போயிற்று. பல ஊர் பேண்டுகளின் வாத்தியங்கள் சேற்றில் புதைந்தன. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு தூரியாவை என்னால் வேறு மாதிரிக் கேட்க முடியவில்லை.

கருங்கல் ஸ்லைடு எழுதியது:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. 2021 நவம்பர் மழையில் எங்கள் பேண்டு ஷெட்டிலும் தண்ணீர் ஏறியது. கிளாரினெட் பேடெல்லாம் ஊறி உரிந்துவிட்டது. பேஸ் டிரம் தோலை வெயிலில் காயப் போட்டோம், அது தொய்ந்தே போயிற்று. அதற்கப்புறம் அதில் அடித்தால் வந்த சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மந்தமாக, தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது போல.

நேற்று ராத்திரி அதை வைத்து இரண்டு டிராம்போனுக்கும் ஒரு பேஸ் டிரம்முக்கும் பதினாறு பார் எழுதினேன். கீபோர்டைத் தொடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து பிராக்டீஸில் பசங்களோடு வாசித்துப் பார்க்கப் போகிறேன். அந்தப் பழைய தோலை எறிந்துவிட்டார்களா என்று மாஸ்டரிடம் கேட்க வேண்டும்.

பழைய யூஃபோனியம் எழுதியது:

எத்தனை மணிக்குப் பிராக்டீஸ்? நான் பஸ் ஏறி வருகிறேன்.